புதிய மீன் தொட்டி: மீன்களை விடுவதற்கு முன் நீரைத் தயார்செய்வது எப்படி?

வண்ண மீன் வளர்க்கத் தொடங்கும் வீடுகளில், தொட்டி வாங்கிய முதல் சில வாரங்களுக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக இறந்துபோவது பரவலாகக் காணப்படுகிறது. நீர் தெளிவாக இருக்கும், வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கும், இரையும் வேளை தவறாமல் இடப்பட்டிருக்கும். இருந்தும் மீன்கள் மடிகின்றன. வீட்டுக்கு வரவிருந்த கண் திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது என்று சிலர் கருதுகின்றனர். கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். தங்களுக்கு மீன் ராசி இல்லை என்று முடிவுசெய்து, தொட்டியை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவோரும் உண்டு.

இத்தகைய இறப்புகளுக்குப் பெரும்பாலும் காரணமாக அமைபவை நீரில் கரைந்திருக்கும் அமோனியா, நைட்ரைட் என்னும் இரண்டு நச்சுப் பொருள்களே. இவற்றுக்கு நிறம் இல்லை. மீனைக் கொல்லும் அளவில் இருந்தாலும் நீரின் தோற்றத்தில் மாற்றம் தெரிவதில்லை. இவற்றை மாற்றித் தீங்கு குறைக்கும் நுண்ணுயிரிகள், பல மாதங்கள் ஓடிய தொட்டியில் போதிய அளவில் இருக்கும். புதிய தொட்டியில் அவை ஏறக்குறைய இருப்பதில்லை. அவை பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் தேவைப்படுகின்றன. அந்த வாரங்களை மீன் இல்லாமல் கடப்பதே பாதுகாப்பான தொடக்கமாகும். மீன் வளர்ப்போர் இதனைத் 'தொட்டியைச் சைக்கிள் செய்தல்' என்று குறிப்பிடுகின்றனர்.

நீருக்குள் நிகழும் மாற்றங்கள்

மீன்கள் தங்கள் உடலில் உண்டாகும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகின்றன. உண்ணப்படாத இரை, மீனின் எச்சம், அழுகும் இலை ஆகியவற்றிலிருந்தும் அமோனியா உருவாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் நீரின் அளவு மிகப் பெரியது. தாவரங்களும் நுண்ணுயிரிகளும் நிறைந்திருப்பதால் அங்கு அமோனியா தேங்குவது குறைவு. வீட்டுத் தொட்டியின் நிலை வேறு. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர். கூழாங்கற்களுக்கும் மேலே விடப்படும் இடைவெளிக்கும் போக, அதில் நிற்கும் நீர் 45 முதல் 50 லிட்டர்தான். கழிவு வெளியேற அதில் வேறு வழி கிடையாது.

அமோனியாவை ஒருவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோசோமோனாஸ் என்பது இவ்வகையில் நன்கு அறியப்பட்டதாகும். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. அதனை நைட்ரோஸ்பைரா போன்ற இரண்டாவது வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் ஒப்பீட்டளவில் தீங்கு மிகக் குறைந்தது. தொட்டிச் செடிகள் அதில் ஒரு பகுதியை உரமாக எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியது வாரந்தோறும் நீர் மாற்றும்போது வெளியேறுகிறது. வயல் மண்ணிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நிகழும் அதே வேதிமாற்றம்தான் மீன் தொட்டியின் வடிகட்டியிலும் நிகழ்கிறது.

இம்மாற்றத்துக்குக் காரணமான நுண்ணுயிரிகளை ரஷ்ய நுண்ணுயிரியல் அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தெடுத்து விளக்கினார். தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்னும் பாக்டீரியாவே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்பது 1998-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரையிலான முழுப் பணியையும் ஒரே பாக்டீரியா செய்யக்கூடும் என்பது 2015-இல் கண்டறியப்பட்டது.

தொட்டியைத் தயார்செய்வோர் இந்நுண்ணுயிரிகளின் இரண்டு இயல்புகளை அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, இவை நீரில் மிதந்து வாழ்வது குறைவு. வடிகட்டியின் பஞ்சு, பீங்கான் வளையங்கள், கூழாங்கற்கள் போன்ற பரப்புகளில் ஒட்டி வாழ்கின்றன. ஆகவே பழைய தொட்டியின் நீரை மட்டும் கொண்டுவந்து ஊற்றுவதால் பயன் அதிகம் இல்லை. இரண்டாவது, இவை மிக மெதுவாகப் பெருகுகின்றன. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் தக்க சூழலில் அரைமணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். இவை இரட்டிப்பாக அரைநாள் முதல் ஒருநாளுக்கு மேலும் ஆகும். காத்திருப்பு நாள்களாக அன்றி வாரங்களாக நீள்வதன் காரணம் இதுவே.

நச்சின் கடுமை

ஒரே அளவு அமோனியா, ஒரு வீட்டில் மீனைக் கொல்வதும் மற்றொரு வீட்டில் விட்டுவைப்பதும் உண்டு. நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருப்பதே இதற்குக் காரணம். அம்மோனியம் என்னும் அயனி வடிவம் தீங்கு குறைந்தது. அயனியாகாத அமோனியா கடும் நஞ்சு. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் உயர உயர நஞ்சான வடிவத்தின் பங்கு உயர்கிறது. 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நீரின் பி.எச். அளவு 7 எனில் மொத்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவான பங்கே நஞ்சாக இருக்கும். பி.எச். 8 எனில் அப்பங்கு 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். காரத்தன்மை மிகுந்த நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் ஊர்களில், அதிலும் கோடைக்காலத்தில், புதிய தொட்டிகள் கூடுதல் ஆபத்துக்கு உள்ளாவது இதனால்தான்.

அமோனியா செவுள்களைப் புண்ணாக்குகிறது. மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்; செவுள்கள் சிவந்து காணப்படும்; துடுப்புகள் உடலோடு ஒட்டியிருக்கும். நைட்ரைட் செயல்படும் விதம் வேறு. அது இரத்தத்தில் கலந்து, ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தம் பழுப்பு நிறமாகிறது. நீரில் ஆக்ஸிஜன் போதிய அளவு இருந்தும் மீன் மூச்சுத்திணறி இறப்பது இவ்வாறுதான்.

ஃபைட்டர் எனப்படும் பெட்டா மீன் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் ஆற்றல் பெற்றது. அதனால் சிறு கண்ணாடிக் கிண்ணமே அதற்குப் போதும் என்ற எண்ணம் நிலவுகிறது. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு, ஆக்ஸிஜன் குறைந்த நீரில் அதற்கு உதவுமே தவிர, அமோனியாவிலிருந்து காப்பதில்லை. நீரின் அளவு குறையக் குறைய நச்சு விரைவாகச் செறிவடையும் என்பதால், தொடக்கநிலை வளர்ப்போருக்குக் கிண்ணத்தைவிட 50 லிட்டர் தொட்டியைப் பராமரிப்பதே எளிது.

தொட்டியை வைக்கும் இடம்

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. இரண்டடித் தொட்டி நீர், கல், கண்ணாடி ஆகியவற்றுடன் 60 முதல் 70 கிலோ வரை எடையுடையதாகும். அசையாத, மட்டமான தாங்கியின் மீது, அடியில் தெர்மோகோல் அட்டையை விரித்துத் தொட்டியை வைக்க வேண்டும். மேடு பள்ளமான பரப்பில் வைத்தால் கண்ணாடியில் விரிசல் ஏற்படக்கூடும். நேரடி வெயில் படும் ஜன்னலோரத்தைத் தவிர்ப்பது நல்லது. வெயிலால் நீர் சூடேறுவதுடன் பாசியும் படரும்.

கல், செடி எதையும் இடுவதற்கு முன், தொட்டியில் நீர் நிரப்பி 24 மணி நேரம் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். கூழாங்கற்களைப் பலமுறை வெறும் நீரில் அலச வேண்டும். சோப்பு, பாத்திரம் துலக்கும் பொடி ஆகியவற்றை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. அலங்காரக் கல்லின் மீது சில துளி வினிகர் விட்டால் நுரை எழுமானால், அது சுண்ணாம்புத் தன்மை உடையது. நீரின் காரத்தன்மையை உயர்த்தும்.

மின்சாதனங்களின் கம்பிகள் சுவரிலுள்ள இணைப்பிடத்துக்குச் செல்லும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கும்படி விடப்பட வேண்டும். கம்பியில் வழியும் நீர் இணைப்பிடத்தை அடையாமல் அவ்வளைவிலேயே கீழே சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடுவதற்கு முன் ஹீட்டர் உள்ளிட்ட சாதனங்களின் இணைப்பைத் துண்டிப்பதும் இன்றியமையாதது.

எந்த நீரைப் பயன்படுத்துவது?

குழாய் வழி வழங்கப்படும் குடிநீரில் கிருமிநீக்கத்துக்காகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, குளோரின் சேர்க்கப்பட்ட நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. மனிதருக்குப் பாதுகாப்பளிக்கும் இக்குளோரின், மீனின் செவுளுக்குத் தீங்கு செய்வதோடு, வளர்க்க வேண்டிய நுண்ணுயிரிகளையும் அழிக்கிறது. வாய் அகன்ற பாத்திரத்தில் காற்றுக் குமிழிகள் செலுத்தியபடி 24 மணி நேரம் வைத்தால் சாதாரணக் குளோரின் வெளியேறிவிடும். உடனடித் தேவைக்குச் சோடியம் தயோசல்பேட் அடங்கிய 'ஆன்டி குளோரின்' துளிகள் மீன் கடைகளில் கிடைக்கின்றன.

ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுந்தும் இருக்கலாம். அதனையும் ஒருநாள் காற்றேற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டும். லாரி நீரில் குளோரின் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதனைக் குழாய் நீரைப் போலவே கருதுவது பாதுகாப்பானது.

ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த நீரே மீனுக்குச் சிறந்தது என்ற கருத்து பல வீடுகளில் உள்ளது. அந்நீரில் கார்பனேட் உப்புகள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். அமோனியா நைட்ரைட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. அதனைச் சமன்செய்பவை இந்த உப்புகளே. அவை இல்லாத நீரில் பி.எச். சரிந்து 6-ஐ நெருங்கும்போது நுண்ணுயிரிகளின் செயல்பாடு பெரிதும் குன்றிவிடும். எனவே ஆர்.ஓ. நீரைத் தனியே பயன்படுத்தாமல், குளோரின் நீக்கிய குழாய் நீருடனோ கிணற்று நீருடனோ கலந்து பயன்படுத்துவதே முறை. அவ்வியந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரில் உப்பின் செறிவு கூடுதலாக இருப்பதால் அது தொட்டிக்கு ஏற்றதன்று.

மீன் இல்லாமல் நுண்ணுயிரி வளர்க்கும் முறை

வடிகட்டியையும் காற்றுப் பம்பையும் இரவு பகலாக இயக்குவது முதல் நிபந்தனை. இந்நுண்ணுயிரிகளுக்கு ஆக்ஸிஜன் இடைவிடாமல் தேவை. நீரின் வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள்ளும் பி.எச். 7 முதல் 8-க்குள்ளும் இருப்பது அவற்றின் வளர்ச்சிக்கு உகந்தது. தென்மாநிலங்களில் பெரும்பாலான மாதங்களில் இவ்வெப்பம் இயல்பாகவே கிடைக்கிறது. தில்லி, பஞ்சாப் போன்ற பகுதிகளின் குளிர்காலத்தில் ஹீட்டர் இன்றி இப்பணி மிகவும் மந்தமாகும். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுவான கணக்கு. 50 லிட்டருக்கு 50 வாட் ஹீட்டர் போதுமானது.

அடுத்து, நுண்ணுயிரிகளுக்கு உணவாக அமோனியா வேண்டும். நவச்சாரம் என்ற பெயரில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் அம்மோனியம் குளோரைடு இதற்குப் பயன்படும். ஆனால் கலப்படத்தைத் தவிர்க்க, ஆய்வக வேதிப்பொருள் கடைகளில் கிடைக்கும் தூய வகையையே வாங்க வேண்டும். அதில் 3 கிராமை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 50 லிட்டர் நீருக்கு 10 மில்லிலிட்டர் வீதம் ஊற்றினால் அமோனியா அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராமாக அமையும். இதைவிட மிகுதியாக ஊற்றுவது பணியை விரைவுபடுத்தாது. 5 மில்லிகிராமைத் தாண்டினால் தாமதமே உண்டாகும். மணப்பொருளோ நுரைப்பொருளோ கலந்த, வீடு துடைக்கும் அமோனியாக் கரைசல்கள் கூடாது. இவ்வேதிப்பொருள்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும்.

வேதிப்பொருளைக் கையாள விரும்பாதோர், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை மீன் இரையைத் தொட்டியில் இட்டு அழுகவிடலாம். இம்முறையில் அளவைக் கட்டுப்படுத்துவது கடினம். காலமும் சற்றுக் கூடும். தொடக்கத்தில் நீர் பால் போல் கலங்குவது இயல்பு. அது வேறுவகை பாக்டீரியாக்களின் திடீர்ப் பெருக்கமே. சில நாள்களில் தானே தெளியும். அதற்காக முழு நீரையும் மாற்றத் தேவையில்லை.

பொதுவான கால ஓட்டம் வருமாறு:

முதல் வாரம்: அமோனியா அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. வெளித்தோற்றத்தில் எதுவும் நிகழாததுபோல் தோன்றும்.

இரண்டாம் வாரம்: அமோனியா குறையத் தொடங்கும், நைட்ரைட் தென்படும். அமோனியா ஏறக்குறைய இல்லாமற் போகும்போதெல்லாம் மீண்டும் அதே அளவு ஊற்ற வேண்டும்.

மூன்றாம், நான்காம் வாரங்கள்: நைட்ரைட் உச்சத்தை அடையும். அது லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் பாதி நீரை மாற்றி, ஊற்றும் அமோனியாவையும் பாதியாகக் குறைக்க வேண்டும். பி.எச். அளவையும் இக்கட்டத்தில் கவனிக்க வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: நைட்ரைட் விரைவாகச் சரியும், நைட்ரேட் உயரும்.

தொட்டி தயாரானதை அறிவது எப்படி?

நாள்களை எண்ணுவதோ நீரின் தெளிவைப் பார்ப்பதோ போதாது. சோதனை செய்தே முடிவுக்கு வர வேண்டும். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் அளக்கும் துளிச் சோதனைப் பெட்டிகள் மீன் கடைகளிலும் இணையவழியிலும் கிடைக்கின்றன. காகிதப் பட்டைகளைவிடத் துளிச் சோதனைகள் பொதுவாகத் துல்லியமானவை.

லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் அமோனியா ஊற்றி, 24 மணி நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகவும், நைட்ரேட் அளவு காட்டுவதாகவும் இருந்தால் தொட்டி தயார். மறுநாளும் இதனை ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது. பின்னர், தேங்கிய நைட்ரேட்டைக் குறைக்க முக்கால் பங்கு நீரை மாற்றி, ஓரிரு நாளில் மீன்களை விடலாம். மீன் வாங்கத் தாமதமானால், அதுவரை சிறிதளவு அமோனியாவைத் தொடர்ந்து ஊற்றிவர வேண்டும். உணவின்றி விட்டால் வளர்ந்த நுண்ணுயிரிகள் குறைந்துவிடும்.

காலத்தைக் குறைக்கும் வழி

நெடுநாளாக நலமுடன் ஓடும் வேறொரு தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு பகுதியைப் பெற்றுப் புதிய வடிகட்டியில் வைப்பதே நம்பகமான குறுக்குவழியாகும். இதனால் காத்திருப்பு ஓரிரு வாரங்களாகக் குறையக்கூடும். பஞ்சு காயாமல், அத்தொட்டியின் நீரிலேயே அமிழ்த்தி, சில மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். அத்தொட்டியில் அண்மையில் நோய் இருந்ததில்லை என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம். பஞ்சுடன் நோய்க்கிருமியும் வந்துவிடலாம்.

புட்டியில் விற்கப்படும் பாக்டீரியாக் கரைசல்களின் பயன் ஒரே சீராக இருப்பதில்லை. வெயிலிலும் வெப்பத்திலும் நெடுநாள் இருந்த புட்டியில் உயிருள்ள பாக்டீரியாக்கள் குறைந்திருக்கலாம். இவற்றைப் பயன்படுத்தினாலும் 24 மணி நேரச் சோதனையைத் தவிர்க்க இயலாது. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்ற விரைந்து வளரும் நீர்ச்செடிகள் அமோனியாவை நேரடியாக உறிஞ்சிக்கொள்வதால், அவற்றைத் தொடக்கத்திலேயே நடுவது நல்ல துணையாக அமையும்.

முதல் மீன்கள்

தயாரான தொட்டியிலும் எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடுவது முறையன்று. 50 லிட்டர் தொட்டியில் கப்பி, பிளாட்டி போன்ற சிறு மீன்கள் நான்கைந்துடன் தொடங்கி, இரண்டு வாரங்கள் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகவே இருந்தால் மேலும் சிலவற்றைச் சேர்க்கலாம். கடினத்தன்மை மிகுந்த நீர் உள்ள ஊர்களில் இவ்வகை மீன்கள் நன்கு வாழும். கோல்டு ஃபிஷ் எனப்படும் பொன்மீன் 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது, கழிவும் அதிகம். கடையில் விரல் அளவு காணப்பட்டாலும் இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது.

சென்னை கொளத்தூர், கொல்கத்தாவின் காலிஃப் தெரு போன்ற சந்தைகளில் வாங்கி ஓரிரு மணி நேரத்தில் வீடு கொண்டுவரப்படும் மீன்களை, பையைத் திறக்காமல் தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்ய வேண்டும். பின்னர் பையைத் திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அரைமணி நேரத்தில் மீன்களை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. நெடுந்தூரம் பயணித்து வந்த பைகளில் அமோனியா மிகுந்திருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். உயர்ந்து, அந்த அமோனியா கடும் நஞ்சாக மாறும். அத்தகைய மீன்களைத் திறந்த பையில் காத்திருக்க வைக்காமல் விரைவாகத் தொட்டிக்கு மாற்றுவதே பாதுகாப்பு. முதல் நாள் இரை தேவையில்லை.

வளர்ந்த நுண்ணுயிரிகளைக் காத்தல்

வாரக்கணக்கில் வளர்த்த நுண்ணுயிரிகளை ஒரே நாளில் அழித்துவிடக்கூடிய செயல்கள் உள்ளன. அவற்றில் முதன்மையானது, வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவுவது. நீர் மாற்றும்போது வெளியே எடுத்த தொட்டி நீரை வாளியில் பிடித்து, அதிலேயே பஞ்சை மெதுவாகப் பிழிந்தால் போதும். பஞ்சு, வளையங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றக் கூடாது. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுவது பொதுவான நடைமுறை. கல்லையும் கண்ணாடியையும் சேர்த்து முழுத் தொட்டியையும் கழுவிக் கவிழ்ப்பது, மீண்டும் முதல் நாளுக்கே திரும்புவதாகும்.

மெத்திலீன் புளூ, நுண்ணுயிர்க்கொல்லிகள் போன்ற மருந்துகள் பயனுள்ள பாக்டீரியாக்களையும் தாக்கும். நோயுற்ற மீனைத் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ வைத்து மருந்திட வேண்டும்.

மின்தடை நெடுநேரம் நீடிக்கும் பகுதிகளில் பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை வைத்திருப்பது பயன்தரும். தொட்டிக்குள் இருக்கும் பஞ்சு வடிகட்டி சில மணி நேர மின்தடையைத் தாங்கும். மூடிய பெட்டி வகை வடிகட்டியில் ஆக்ஸிஜன் விரைவில் தீர்ந்து, நீர் கெட்டுவிடும். மின்சாரம் வந்ததும் அதிலுள்ள நீரைக் கொட்டி, தொட்டி நீரில் அலசிய பின்னரே இயக்க வேண்டும்.

ஏற்கெனவே மீன் விட்டிருந்தால்

தொட்டியும் மீனும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிட்ட நிலையிலும் மீன்களைக் காப்பாற்ற வழி உண்டு. இரையை ஒருநாள் விட்டு ஒருநாள், மிகக் குறைந்த அளவே இட வேண்டும். நலமான மீன்கள் சில நாள்கள் இரையின்றியும் தாக்குப்பிடிக்கும். அமோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் சோதித்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராமை நெருங்கும்போதே கால் முதல் அரைப் பங்கு நீரை, குளோரின் நீக்கி, வெப்பம் ஒத்த நீரால் மாற்ற வேண்டும். காற்றோட்டத்தை அதிகரிக்க வேண்டும்.

நைட்ரைட் காணப்பட்டால் 10 லிட்டருக்கு 1 கிராம் வீதம் சமையல் உப்பைக் கரைத்துச் சேர்க்கலாம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் உடலுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. நீர் மாற்றும்போது, வெளியேற்றிய நீருக்கு உரிய உப்பை மட்டும் மீண்டும் சேர்க்க வேண்டும். உப்பு அமோனியாவுக்கு மாற்று அன்று. அதற்கு நீர் மாற்றமே வழி. இவ்வாறு நான்கைந்து வாரங்கள் தவறாமல் பார்த்துக்கொண்டால் மீன்களுடனேயே தொட்டி நிலைபெறும். இக்காலத்தில் இறந்த மீனுக்குப் பதிலாகப் புதிய மீன் வாங்கி விடுவது, எஞ்சிய மீன்களின் ஆபத்தைக் கூட்டுவதாகவே அமையும்.

ஏரி, குளங்களில் விடலாகாது

பராமரிக்க இயலாத மீன்களை அருகிலுள்ள ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவதை இரக்கச் செயலாகக் கருதுவோர் உள்ளனர். தொட்டியின் பாசியைத் தின்னும் எனக் கருதி வாங்கப்படும், டேங்க் கிளீனர் எனப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி வகை மீன்கள் இவ்வாறு வெளியேறி, இந்தியாவின் பல மாநில நீர்நிலைகளில் பெருகியுள்ளன. அவை மீனவர்களின் வலைகளைச் சேதப்படுத்துவதோடு உள்நாட்டு மீன்களுக்கும் போட்டியாகிவிட்டன. வளர்க்க இயலாத மீன்களைக் கடைக்கோ வேறு வளர்ப்பாளருக்கோ திருப்பித் தருவதே முறையாகும்.

வடிகட்டி, ஹீட்டர், விளக்கு, சோதனைப் பெட்டி ஆகிய அனைத்தையும் கடையில் வாங்கிவிட முடியும். நுண்ணுயிரிகள் வளர்வதற்கான ஐந்து வாரங்களைத் தொட்டி உரிமையாளரே தர வேண்டும். வெறும் நீரும் கல்லும் செடியுமாகத் தொட்டி ஓடிக்கொண்டிருக்கும் அந்நாள்களில், எந்த மீன் அந்நீருக்கும் அத்தொட்டியின் அளவுக்கும் ஏற்றது என்பதை அறிந்துகொள்ளவும் போதிய அவகாசம் கிடைக்கிறது.